மாடு மாட்டிக்கொண்டு போன கேட்

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் சாரணர் முகாமில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் கூடூ மானின் கொம்பை ஊதிப் பையன்களை எழுப்பினாராம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடந்த எங்கள் கோடை முகாமில் அந்த வேலையைச் செய்தது ஒரு அண்டா மூடி. விடியற்காலை 5 மணிக்கு சமையல்கார அண்ணன் கரண்டியால் அதை அடிக்க ஆரம்பித்தால், கூடாரத்தில் இருக்கிற நாங்கள் மட்டுமா, எதிர்த்தெருவே வாசல் தெளிக்க வந்துவிடும்.

அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை; 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் பென்னாகரத்துப் பையனும் ஓசூர்ப் பையனும் ஒரே அணியில். பென்னாகரத்தான் ராகி களியைக் கிள்ளி, கொள்ளுக் குழம்பில் தோய்த்து உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பான். ஓசூர்க்காரன் பபுள்கம் மாதிரி மென்றுகொண்டு, கண் கலங்கி உட்கார்ந்திருப்பான். அண்ணன் அவன் எதிரே குந்திக்கொள்வார். "மெல்லாத கண்ணு, முழுங்கு. இங்க பாரு." இப்படி ஒவ்வொருவனுக்கும் முழுங்கிக் காட்டிக் காட்டியே அவருடைய சாப்பாடு முடிந்துவிடும்.

சாரணியர் பிரிவு டீச்சர்தான் முகாம் டாக்டர். சொந்தப் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, ஊரார் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்த புண்ணியவதி. அவரிடம் இருந்தது ஒரே மருந்து, ஊதா மருந்து. சிராய்ப்புக்கும் அதுதான், பூச்சிக்கடிக்கும் அதுதான். அம்மா ஞாபகம் வந்து அழுதவனுக்கு முழங்காலில் ஒரு பொட்டு வைத்தார். அழுகை நின்றது. எப்படி என்று இன்றுவரை புரியவில்லை.

ஆனால் முகாமின் உயிர் ஸ்கவுட் மாஸ்டர்தான். கணக்கு வாத்தியார். லீவு நாளில் சம்பளம் கூடுதலாக ஒரு பைசா கிடையாது. டிவிஎஸ் 50 பின்னால் மூங்கில்களைக் கட்டி, ரோடு முழுக்கக் கோடு கிழித்தபடி இழுத்து வருவார். அந்த மூங்கிலில்தான் முகாமுக்கு கேட் கட்டினோம். ஆணி கிடையாது, எல்லாம் கயிறுதான். அதற்கு முன் 'க்ளோவ் ஹிட்ச்' முடிச்சுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நீண்ட பாடம் நடந்தது. ஓரமாக நின்று பார்த்த வாட்ச்மேன் தாத்தா கடைசியில் கேட்டார்: "ஏன் சார், இது மாட்ட மொளக்குச்சியில கட்டற முடிச்சுதானே?"

சார் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட ஆள் வருகிறார். ஸ்கார்ஃப் சரிசெய்து, விறைப்பாக வரிசையில் நிற்கிறோம். எங்கிருந்தோ வந்த மாடு ஒன்று கழுத்து அரிப்புக்கு எங்கள் கேட்டைத் தேர்ந்தெடுத்தது. தேய்த்தது. கொம்பு கயிற்றில் சிக்கியது. மிரண்டு ஒரே இழுப்பு. கேட் மொத்தமும், 'நல்வரவு' அட்டையோடு, மாட்டின் கழுத்தில் ஏறிக் கொல்லைக்காட்டைப் பார்த்துக் கிளம்பியது.

நாங்கள் உறைந்து நிற்க, சார் மட்டும் பின்னாலேயே ஓடினார். மாட்டைப் பிடிக்க ஓடுகிறார் என்றுதான் நினைத்தோம். பாதித் தூரத்தில் நின்று, வந்திருந்த அதிகாரியைப் பார்த்துக் கத்தினார்: "பாத்தீங்களா சார்! ஒரு கட்டுகூட அவுரல!"

மாட்டைப் பிடித்தவர் தாத்தா. பிடித்ததும் அதை வேப்பமரத்தில் கட்டினார், அதே க்ளோவ் ஹிட்ச்சில்.

கடைசி நாள் கேம்ப் ஃபயரில் சார் தாத்தாவைக் கூப்பிட்டு ஸ்கார்ஃப் போட்டுவிட்டு, சாரணர் முறைப்படி இடது கையை நீட்டினார். தாத்தா இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"என்ன சார், படிச்சவங்க பீச்சாங்கையக் குடுக்கறீங்க?"

"அதில்ல பெரியவரே. கேடயம் புடிக்கிற கை அது. கேடயத்தக் கீழ வச்சுட்டுக் குடுத்தா, உங்கள நம்பறேன்னு அர்த்தம்."

"எங்கிட்ட எங்க சார் கேடயம் இருக்குது? கம்புதான் இருக்குது."

"அதக் கீழ வையுங்க."

"மாடு வந்துரும் சார்."

கடைசிவரை கம்பைக் கீழே வைக்கவில்லை. வலது கைக்கு மாற்றிக்கொண்டு, சுற்றும்முற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, இடது கையை நீட்டினார்.