மூக்கடைப்பைக் கணினியில் கணக்கிடும்போது

மூக்கின் உள்வழி குறுகிப்போவதைத்தான் மூக்கடைப்பு என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம். அந்த எண்ணம் பாதிதான் சரி என்பது, என் சொந்த மூக்கின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கணினியில் ஏற்றி, உள்ளே ஓடும் காற்றைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே உள்ள சர்க்கரை ஆலைகளுக்காகக் குழாய்களில் ஓடும் சாற்றையும் நீராவியையும் கணக்கிடுவது என் தொழில். பாய்மங்களின் ஓட்டத்தை விவரிக்க அங்கே பயன்படும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளே மூக்கின் காற்றுக்கும் பொருந்துகின்றன. அமைதியாக மூச்சு விடும்போது அந்த ஓட்டத்தைப் பெரும்பாலும் வரிச்சீர் ஓட்டமாகவே, அதாவது சுழல்கள் இன்றி அடுக்கடுக்காக ஓடுவதாகவே, கொள்ளலாம்.

முதல் வேலை வடிவத்தைப் பிரித்தெடுப்பது. ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. காற்றுக்கு −1000, நீருக்கு 0. இடையில் ஓர் எல்லையை நாம் குறித்தால், அதற்குக் கீழுள்ளது காற்று, மேலுள்ளது சதையும் எலும்பும் என்று ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருள் பிரித்துத் தருகிறது. எக்ஸ் கதிர் அளவீடுகளிலிருந்து உடலின் உட்புறத்தைக் கணக்கிட்டு வரையும் இந்த முறைக்குக் கணித அடிப்படை தந்தவர்களில் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில் 1924இல் பிறந்த ஆலன் கோர்மாக். அவர் 1956இல் கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலராக இருந்தபோது அந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். 1979இல், சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய ஆங்கிலப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே மருத்துவமனையில் 1967இல் இதயமாற்று அறுவை செய்த பர்னார்டை அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் இவரை அறியவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பிரித்தெடுத்த காற்றுவழியைப் பல இலட்சம் சிறு கட்டங்களாக்கி, ஓட்டங்களைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணக்கிட வேண்டும். மீதி வேலையைக் கணினி இரவில் பார்த்துக்கொள்ளும். மறுநாள் திரையில் நீலமும் சிவப்புமாக ஓட்டக்கோடுகள் தோன்றும்போது, அவற்றை அப்படியே நம்பிவிடத் தோன்றும், நம்பக் கூடாது. மூக்கின் பக்கச் சுவரிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு நீளும் சங்கெலும்புகளுக்கும் நடுச்சுவருக்கும் இடையே உள்ள வழி சில மில்லிமீட்டர் அகலமே உடையது. இணைச் சுவர்களுக்கிடையே வரிச்சீராக ஓடும் காற்றின் அளவோ இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது; அதாவது இடைவெளி பாதியானால், அதே அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு காற்றுதான் செல்லும். ஆகவே முதலில் குறித்த எல்லை எண்ணைச் சற்று நகர்த்தினாலே படத்தில் சுவர் நகர்ந்து, விடையும் வெகுவாக மாறிவிடும். இதோடு, சங்கெலும்புகளைப் போர்த்திய இரத்தம் நிறைந்த சவ்வு சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வற்றுகிறது. ஸ்கேன் அதில் ஒரு கணத்தை மட்டுமே பிடிக்கிறது. இடது பக்கம் அடைத்திருப்பதாக ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது துணிச்சலான காரியம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. காற்று தாராளமாகப் போவதை நாம் உணர்வது முக்கியமாகக் குளிர்ச்சியால்தான். உள்ளே ஓடும் காற்று சவ்வின் வெப்பத்தையும் ஈரத்தையும் கவர்ந்து செல்ல, அந்தக் குளிர்ச்சியை நரம்பு முனைகள் மூளைக்குச் சொல்கின்றன. மென்தால் கலந்த தைலம் அதே முனைகளைத் தூண்டுவதால், வழி துளியும் அகலாமலே மூக்கு திறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இதற்கு நேர்மாறாக, கீழ்ச் சங்கெலும்பைப் பெருமளவு வெட்டியெடுத்த சிலருக்கு வழி நன்றாக அகன்ற பிறகும் மூச்சு முட்டுகிறது. அத்தகைய மூக்குகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, காற்று நடுப்பகுதி வழியாகத் திரண்டு ஓடி, கீழ்ச் சுவரைப் போதிய அளவு உரசாமலே போவது தெரிந்தது. தடை குறைவாக இருந்தும் உணர்வு இல்லை.

பிப்ரவரி மாதத்து டர்பனின் ஈரப் புழுக்கத்தில் அடைத்ததாகத் தோன்றும் மூக்கு, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட ஜூலைக் காற்றில் விடுபட்டதாகத் தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாகலாம். வறண்ட குளிர்காற்று சவ்விலிருந்து அதிக ஈரத்தை ஆவியாக்கி, அதிகக் குளிர்ச்சியைத் தருகிறது. அதற்கு விலையாகச் சவ்வு காய்ந்து, சிலருக்கு இரத்தமும் கசிகிறது என்பது அங்கே வேலைக்குப் போன டர்பன்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வேறுபாட்டைக் காற்றின் வேகத்தைக் காட்டும் வண்ணப்படத்தில் பார்க்க முடியாது; சுவரின் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதைத் தனியே கணக்கிட்டு வரைய வேண்டும். மூக்கு அறுவைக்கு முன் கணினிப் படம் காட்டப்பட்டதாக யாராவது என்னிடம் சொன்னால், அது வேகப் படமா, வெப்பப் படமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.