ஆறட்டும் சார்

2009-ல் பெங்களூரு மகாதேவபுராவில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஏழு லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்), இரண்டு மில்லிங், ஒரு டிரில்லிங். அவ்வளவுதான் ஷாப். டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கிய திமிர் மட்டும் என்னிடம் பெரிய தொழிற்சாலைக்கே போதுமான அளவு இருந்தது.

அங்கே லேத்தில் கடைகிற மூத்த டர்னர் ஒருவர், கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும்வரை அங்கே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அப்புறம் ஊர்க்காரர்கள் பலரையும் போல, மாரிகுப்பத்தில் இருட்டோடு ரயிலேறி கே.ஆர். புரத்தில் இறங்கி வேலைக்கு வந்து, சாயங்காலம் அதே வழியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நான் அவரை ‘அண்ணா’ என்பேன். என்னைவிட முப்பது வயது பெரியவர், என்னை ‘சார்’ என்பார். அந்த ‘சார்’ எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் (பம்பில் சுழலும் தண்டு) கடையும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 100 மி.மீ. டிராயிங்கில் ஹெச்-6 டாலரன்ஸ்: மேலே ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறக்கூடாது, கீழே 22 மைக்ரான் வரை இறங்கலாம். அந்த வாரம் பார்த்து, கடையும்போது சூட்டைத் தணிக்கும் கூலன்ட் பம்ப் படுத்துவிட்டது. அவர் ஓரளவு கடைந்துவிட்டு, கடைசி கட் போடுவதற்கு முன்னால் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நடுவில் புறங்கையை ஜாப் (கடைகிற இரும்பு) மேல் வைத்துப் பார்ப்பார், மறுபடியும் நிற்பார்.

“என்னண்ணா, வேலை நிக்குது?”

“ஆறட்டும் சார். சூடா இருக்கறப்ப அளந்தா மைக்ரோமீட்டர் பொய் சொல்லும்.”

மைக்ரோமீட்டர் பொய் சொல்லுமாம்! கருவியை நம்பாத பழைய ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். லோடு வியாழக்கிழமை போயாக வேண்டும். “முடிச்சதும் அளந்து அடுத்ததைப் போடுங்க” என்றேன். அதோடு நின்றிருக்கலாம். ஷிஃப்ட் ரிப்போர்ட்டில், ‘ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறார்’ என்றும் எழுதினேன். அந்த வாரம் அவருடைய ஓவர்டைமில் இரண்டு மணி நேரம் வெட்டுப்பட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னபடியே செய்தார். 36 ஷாஃப்ட்.

அளந்தபோது எல்லாம் கச்சிதமாக 100-ஐ ஒட்டி நின்றன. கம்பெனியின் ஏசி அறையில் அளந்தபோது 29 திரும்பி வந்தன. எல்லாமே சைஸ் குறைவு. சைஸ் கூடியிருந்தால் இன்னொரு கட் போட்டுச் சரிசெய்யலாம். குறைந்துபோன இரும்பை யார் கூட்டுவது?

அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். அப்படியானால் 100 மி.மீ. விட்டத்துக்கு டிகிரிக்கு 1.2 மைக்ரான். அறைச் சூட்டைவிட இருபது டிகிரி கூடினால் 24. சூட்டில் சரியாக 100 காட்டுகிற ஜாப், ஆறியதும் 24 மைக்ரான் சுருங்கிவிடும். எனக்கு அனுமதித்த மொத்த இடமே 22. பரீட்சையில் இந்தக் கணக்கை நான் எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது லேத்தில் சூடாகச் சுற்றும் இரும்பைப் பற்றிய கணக்கு என்பது மட்டும் தலையில் ஏறவில்லை. ஒரு பெரியவர் புறங்கையால் தொட்டுக் காட்டிய பிறகும் ஏறவில்லை.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல வரவில்லை. கடையும்போது சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலை, சிப்பை, கையாலேயே இழுத்துப் போடுவார், விரலெல்லாம் வெட்டுத் தழும்பு. ஹூக் வாங்கிக் கொடுத்தும் கடைசிவரை தொடவில்லை. அதில் நான் சொன்னதுதான் சரி, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கணக்கைக் காட்டுவான் போல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“இருபது டிகிரிக்கு இருபத்துநாலா? நான் ரெண்டரைனு நினைச்சு வெச்சிருந்தேன் சார்.”

அவர் சொன்ன ரெண்டரை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில். அதாவது 25 மைக்ரான். ஃபார்முலா எதையும் பார்க்காத மனிதர் ஒரு மைக்ரான் வித்தியாசத்தில் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம், ரிப்போர்ட்டில் எழுதியதைத் திருத்தி ஆபீஸில் கொடுத்துவிட்டேன், அந்த இரண்டு மணி நேரம் சம்பளத்தில் வந்துவிடும் என்று சொல்ல அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் போனேன். டிபன் பையைத் தோளில் மாட்டியபடி, “சரி சார், ட்ரெயினுக்கு நேரமாச்சு” என்று வேகமாக நடந்தார். நாலடி போய்த் திரும்பினார்.

“அந்தப் பேப்பரைக் கொடுங்க. என் பையன் டிப்ளமோ படிக்கிறான், அவனுக்குக் காட்டணும்.”