ஒரு சென்டிமீட்டர் தழும்பும் ஒன்பது மாதமும்

கட்டுப் பிரித்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது தையலைத்தான். முழங்காலின் முன்பக்கம் இரண்டு மூன்று இடங்களில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல்கள். "இவ்வளவுதானா?" என்று முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கும் மனம் வராது. ஆனால் என் வேலையின் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். ஆர்த்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமராக் குழாயை விட்டுச் செய்கிற அறுவை, முடிந்து வருகிறவர்களை நடக்க வைப்பதும், கையைத் தூக்க வைப்பதும், கடைசியில் அவரவர் வேலைக்கோ விளையாட்டுக்கோ திருப்பி அனுப்புவதும் என் பொறுப்பு. அறுவை அறையில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற காரியத்தின் மிச்சம், மாதக்கணக்கில் எங்கள் அறையில் நடக்கிறது. தழும்பின் அளவை வைத்து உள்ளே ஆறிவிட்டதா என்று கணக்குப் போடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பலருக்கு அது மூன்றாவது மாதத்தில்தான் காதில் விழும்.

சிகிச்சையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு மருத்துவரிடம் கேட்டு அறுவை அறைக்குள் நின்றிருக்கிறேன். சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய், அதன் நுனி சாய்வாகப் பார்க்கும். ஒரு துளை வழியாக அது போகும், இன்னொரு துளை வழியாகக் கருவிகள் போகும். சலைன் தண்ணீரைச் செலுத்தி மூட்டை விரித்து வைத்துக்கொள்வார்கள். திரையில் குருத்தெலும்பு வெள்ளை வெளேரென்று மின்னும். கிழிந்த ஓரம் மட்டும் நூல் நூலாகத் தண்ணீரில் அலையும். அதைப் பார்த்த பிறகு நோயாளிகளிடம் நான் பேசுகிற விதமே மாறியது. தோலுக்கு வெளியே தெரியாத ஒரு பெரிய வேலைத்தளம் உள்ளே இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு மூட்டையும் தொடுகிறேன்.

இந்த வசதி சும்மா வந்ததில்லை. 1918-இல் ஜப்பானில் கெஞ்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கிற கருவியை வைத்து ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1962-இல் முழங்காலுக்குள் இருக்கிற மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்திருந்தபோது அதன் ஒரு பகுதியை அந்த வழியிலேயே வெட்டி எடுத்தார். அதற்கு முன் மூட்டைத் திறந்துதான் செய்தார்கள், மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிடுவதும் சகஜம். தசையை அதிகம் அறுக்காமல், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போக முடிகிறது என்றால், அது இவர்களைப் போன்ற பலருடைய உழைப்பு. ஆர்த்ராஸ்கோபி மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது முக்கியமான ஒரு விஷயம். வெளியே ஒரே மாதிரித் துளைகள் இருந்தாலும், உள்ளே நடந்தது வேறு வேறாக இருக்கலாம். மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கிற குருத்தெலும்பு. "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை. இதன் வெளியோரத்துக்கு மட்டும்தான் நல்ல ரத்த ஓட்டம். அங்கே கிழிந்தால் தைக்கலாம், ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உள்பக்கம் கிழிந்தால் பெரும்பாலும் அந்தத் துண்டைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். செதுக்கியவர் சில நாளிலேயே காலை ஊன்றி நடக்கலாம். தைத்தவரோ, கிழிசலின் வகையைப் பொறுத்து, சில வாரங்கள் முழு எடையையும் போடக்கூடாது, ஆழமாக மடக்கவும் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரர் நடப்பதைப் பார்த்து இவரும் நடந்தால் தையல் பிய்ந்துவிடும். அதனால் அறுவைக் குறிப்பைப் படிக்காமல் நான் யாருடைய காலையும் மடக்க மாட்டேன். டிஸ்சார்ஜ் தாளில் "ஆர்த்ராஸ்கோபி செய்யப்பட்டது" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் மருத்துவருக்குப் போன் போட்டுவிடுவேன். வெட்டினீர்களா, தைத்தீர்களா, எங்கே, எத்தனை டிகிரி வரை மடக்கலாம்? எரிச்சல்பட்டவர்கள் உண்டு. நான் கேட்பதை நிறுத்தவில்லை.

அடுத்தது ஏசிஎல், முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கிற லிகமென்ட் என்ற நார். இதில்தான் என் மனம் அதிகம் அடித்துக்கொள்ளும், ஏனென்றால் வருகிறவர்களில் நிறைய பேர் பதினேழு, இருபது வயதுப் பிள்ளைகள். அறுந்த லிகமென்டுக்குப் பதிலாக அவர்களுடைய தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் சுரங்கம் குடைந்து பொருத்துவார்கள். பொருத்திய அன்று அது நன்றாக இழுத்துக் கட்டியிருக்கும். பிறகு நடப்பதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ரத்த ஓட்டம் அறுந்து வந்த நார் என்பதால், உள்ளிருக்கும் செல்கள் முதல் வாரங்களில் பெரும்பாலும் இறந்துவிடும். புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, புது செல்கள் குடியேறி, அந்த நார் மெல்ல மெல்ல லிகமென்டாக மாறும். அந்த மாற்றத்தின் நடுவே, ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, அது பலவீனமாக இருக்கும்.

சரியாக அந்த நேரத்தில்தான் வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், நடை சீராகியிருக்கும். "மேடம், இப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல, லேசா ஓடிப் பார்க்கவா?" என்று கேட்பார்கள். கால் நன்றாக இருப்பது போலத் தோன்றுவதும் நார் இளகியிருப்பதும் ஒரே சமயத்தில் நடப்பதுதான் இதில் உள்ள அபாயம். சுவரில் சாந்து காய்வதற்கு முன் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி என்று சொல்வேன், கட்டட வேலை பார்க்கிற அப்பாக்களுக்கு உடனே புரிந்துவிடும். பிள்ளைகளுக்கு எண்கள்தான் எடுபடும். நார்வேயில் ஏசிஎல் சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. இதைச் சொன்னதும் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள்.

ஒன்பது மாதம் என்றால் சும்மா காத்திருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு வாரம் நான் கேட்பது இரண்டே இரண்டு: கால் முழுதாக நீள வேண்டும், தொடையின் முன்தசை விழிக்க வேண்டும். மூட்டில் வீக்கம் இருந்தால் அந்தத் தசைக்கு மூளையிலிருந்து வருகிற கட்டளையே மட்டுப்படும். நல்ல பலசாலிப் பையன்கூட காலை ஓர் அங்குலம் தூக்க முடியாமல் திகைத்துப் போவான். "என் காலே இல்லாத மாதிரி இருக்கு" என்று ஒரு பையன் கண் கலங்கினான். தசை செத்துப்போகவில்லை, வீக்கம் வடிய வடிய திரும்பும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் குதிகாலுக்குக் கீழே துண்டை உருட்டி வைத்து முழங்காலைத் தளர விடும் பயிற்சி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். இதைத் தவறவிட்டு ஐந்து டிகிரி நீட்டம் குறைந்து நின்றுவிட்டால், நடை கெட்டு முன்தசையும் தேறாது. கடைசியில் ஒற்றைக்காலில் தாவும் சோதனைகள், தசை வலுச் சோதனை. அடிபட்ட கால் மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பயிற்சியாளர்கள் போன் செய்வார்கள், பெற்றோர் போட்டித் தேதியைச் சொல்வார்கள். அவர்களுடைய அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாவது முறை அறுந்து வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவள் நான்.

சிலருக்கு அறுவை சிகிச்சையே வேண்டியிருக்காது, அதையும் சொல்ல வேண்டும். 2002-இல் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு மூட்டுக்குள் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு அனுப்பினார்கள். வலியில் வித்தியாசம் இல்லை. வயதோடு நைந்து கிழிந்த மெனிஸ்கஸைச் செதுக்குவது பற்றி பின்லாந்தில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதே மாதிரிதான் முடிந்தது. ஐம்பது வயதில் எம்ஆர்ஐயில் ஒரு கிழிசல் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முழங்கால் சிக்கிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியவில்லை என்றால் கதை வேறு. மற்றவர்களை முதலில் மூன்று மாதப் பயிற்சிக்கு எங்களிடம் அனுப்புகிற மருத்துவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தோள்பட்டை தனி உலகம். முழங்காலில் ஆட்களைப் பிடித்து நிறுத்துவது பாடு என்றால், இங்கே முதல் பாடு தூக்கம்தான். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியின் வேகம் அன்று இரவோ மறுநாளோ தீரும்போது வலி கிளம்பும். அதற்கு முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும் என்று வீட்டில் இருப்பவரிடமே சொல்லி அனுப்புவேன். மல்லாந்து படுக்க முடியாது, முதுகைச் சாய்த்து, முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்கச் சொல்வேன். மறுநாள் தோள் உப்பியிருப்பதைப் பார்த்துப் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது சிகிச்சையின்போது செலுத்திய தண்ணீர், ஓரிரு நாளில் வடிந்துவிடும். காய்ச்சலோ, துளையில் சீழோ வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரச் சொல்வேன்.

தோளைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் நாரைச் எலும்பில் பதிக்கிற சின்னச் சின்னப் பிடிகள் (ஆங்கர்கள்) வைத்து எலும்போடு தைத்திருந்தால், நான்கு முதல் ஆறு வாரம் கையை ஸ்லிங்கில் வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் கையைத் தூக்கலாம், அவர் தானாகத் தூக்கக்கூடாது. ஸ்லிங்கைக் கழற்றிய பிறகும் பளு தூக்கும் பயிற்சிக்கு ஏறக்குறைய மூன்றாவது மாதம் ஆகிவிடும். பெயின்டர் ஒருவர் ஏழாவது வாரத்தில், வலி இல்லை, நாளை வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் மட்டும்தான். பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை. அவருடைய மேஸ்திரியின் நம்பரை வாங்கி நானே பேசினேன். தலைக்கு மேல் பிரஷ்ஷை ஓட்டுவதற்கு ஆறாவது மாதம் வரை பொறுக்க வேண்டும், அதுவரை கலவை கலக்குவதையும் கணக்குப் பார்ப்பதையும் மற்றக் கையால் செய்யட்டும், கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேட்டேன். மேஸ்திரி ஒத்துக்கொண்டார். பெயின்டர் இப்போதும் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறார்.