பெயரைத் தட்டினால் நீங்கள் வர வேண்டும்

போன வாரம் சாத்தூருக்குப் போயிருந்தேன். சித்தி மகள் பி.காம் கடைசி வருடம், அடுத்த மாதம் கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ. "அக்கா, லிங்க்ட்இன்ல என்ன போடணும்னே தெரியல, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டினாள். படிப்பு, வேலை விவரங்களைப் போட்டு வைத்து வேலை தேடும் தளம்தான் லிங்க்ட்இன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அதில் பாதிக்கு மேல் அவள் பெயருக்கே போய்விட்டது.

நமக்குப் பெயரும் இனிஷியலும்தான், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் வரும், ஆதாரில் முன்னால் நிற்கும், பாஸ்போர்ட் எடுக்கப் போனால் அதை விரித்து அப்பா பெயராக எழுதச் சொல்வார்கள். இவள் பெயரில் ஒரு ழ வேறு இருக்கிறது. சான்றிதழில் அது இசட்-எச், மின்னஞ்சலில் ஒற்றை எல், நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் இரண்டு எல். லிங்க்ட்இன் கடைசிப் பெயர் கேட்டதால் அங்கே ஊர்ப் பெயரைப் போட்டு வைத்திருந்தாள். பார்க்கிற ஆளுக்கு இது நாலு பெண்கள்.

எனக்கு முதல் வேலையில் சேரும்போது இதே மாதிரி ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததால் சான்றிதழ் சரிபார்ப்பு மூன்று வாரம் இழுத்தது, கடைசியில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அதனால் சொல்கிறேன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ அதையே ரெஸ்யூமே, மின்னஞ்சல், நௌக்ரி, லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் வையுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலைப் போட்டாலே போதும். உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தின் இணைய முகவரியில் பெயருக்குப் பின்னால் தானாக ஒட்டிக்கொள்ளும் எண்களையும் எடுத்துவிடலாம். அந்த முகவரியில் நம் பெயருக்கு 3 முதல் 100 எழுத்து வரை அனுமதி உண்டு.

சரி, அடுத்தது பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரி. 220 எழுத்து இடம் இருக்கிறது. இவள் ஏதோ ஒரு ஏஐ-யிடம் கேட்டு 'கற்கும் ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட டீம் பிளேயர்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தாள். அவள் வகுப்பில் யார் பெயருக்குக் கீழே இதை ஒட்டினாலும் பொருந்தும். "நீ என்னடி செஞ்சிருக்க, அதைச் சொல்லு" என்றேன். "ஒண்ணுமே செய்யலையேக்கா."

அவள் செய்திருக்கிறாள். சித்தப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டு ஒன்று உண்டு, எண்ணெய்க் கறை படிந்து பாதிப் பக்கம் படிக்கவே முடியாது. இவள் அதை அப்படியே கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, 30 நாள் தாண்டிய பாக்கி தானாகச் சிவப்பாக மாறுகிற மாதிரி அமைத்து, 14 மாதமாகத் தினமும் ராத்திரி வரவு போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டு வேலைதானே என்று அவளுக்கு அது கணக்கிலேயே வரவில்லை. கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதையே எழுதினோம்: பி.காம் இறுதியாண்டு, கடையின் கடன் கணக்கை ஷீட்ஸுக்கு மாற்றி 14 மாதமாக நடத்துகிறேன், டேலி கணக்கு மென்பொருள் தெரியும். அந்த ஷீட்டின் ஸ்கிரீன்ஷாட்டை லிங்க்ட்இன்னில் போடும் முன் வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் மாற்றினோம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கடைக்குள்ளேயே இருக்க வேண்டிய விஷயம். அதை மறைக்கத் தெரிவதும் கணக்கு எழுதுகிறவரின் தகுதிதான் என்று நினைக்கிறேன்.

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பலரிடம் சான்றிதழ்கள் நிறைய சேர்ந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் அந்தக் கோர்ஸில் நீங்களாகச் செய்த ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் தளமான கிட்ஹப்பில் பிறருடைய ப்ராஜெக்டை ஃபோர்க் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, தன்னுடையது என்று காட்ட வேண்டாம், எங்கிருந்து எடுத்தது என்று ப்ராஜெக்ட் பெயருக்குக் கீழேயே கிட்ஹப் சொல்லிவிடும். 50 வரி நிரலாக இருந்தாலும் சொந்தமாக எழுதியதை வையுங்கள், கேள்வி கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லலாம்.

மார்க் ஷீட்டைப் படம் எடுத்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதிவெண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. லிங்க்ட்இன் மொபைல் ஆப்பில் நம் பெயரை நம் குரலிலேயே பதிவுசெய்து வைக்கலாம், 10 நொடி. ழகரப் பெயர்க்காரர்கள் இதை விடவே கூடாது. இவள் கடை வாசலிலேயே நின்று பதிவுசெய்தாள். முதல் தடவை பஸ் ஹாரன், இரண்டாம் தடவை உள்ளேயிருந்து சித்தப்பா "துவரம்பருப்பு அரைக் கிலோவா?" என்றது தெளிவாக விழுந்தது. மூன்றாவது தடவை அந்த ழ சுத்தமாக வந்தது.