ஒளியால் ஒரு கட்டியைப் படித்தல்

இருட்டறையில் கைப்பேசியின் டார்ச்சை உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்தால் மறுபுறம் சிவப்பாக ஒளிரும். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எலும்பு தெரியாது. நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. அப்படி வரும் ஒளியும் வழியெங்கும் சிதறி, எந்தப் பாதையில் வந்தது என்ற தடயத்தை இழந்துவிடுகிறது. மார்பகக் கட்டிகளை அண்மை அகச்சிவப்பு ஒளியால், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்துத் தொடங்கும் ஒளியால், ஆராயும் துறை ஏறத்தாழ நூறாண்டுகளாக இந்த இரண்டு உண்மைகளோடுதான் மல்லுக்கட்டி வருகிறது. ஒளியியல் ஆய்வகம் ஒன்றில் இந்தத் துறையின் ஓரத்தில் நின்று வேலை செய்தவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டி இருக்கிறதா என்று தேடுவதற்கு இந்த ஒளி சுமாரான கருவிதான், ஏற்கெனவே கண்டறியப்பட்ட கட்டியின் இயல்பை அறிவதற்கு, அதிலும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு, இதன் பயன் மிகப் பெரிது.

1929-ல் நியூயார்க்கில் மாக்ஸ் கட்லர் என்ற மருத்துவர் இருட்டறையில் மார்பகத்தின் ஒரு பக்கம் விளக்கை வைத்து மறுபக்கம் நிழலைப் பார்த்தார். தெளிந்த நீர் நிறைந்த கட்டிகள் ஒளியைக் கடத்தின. இரத்தம் தேங்கிய இடங்கள் கறுத்துத் தெரிந்தன. ஆனால் திடமான கட்டிகளில் எது புற்று, எது சாதாரணமானது என்று பிரிக்க முடியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் விளக்கின் சூடு தோலைச் சுட்டது. பிறகு 1970-80களில் அகச்சிவப்பை உணரும் வீடியோ கேமராக்கள் வந்ததும் இம்முறை மறுபடி உயிர்பெற்றது. 1990-ல் வெளியான, சுவீடனின் பல மருத்துவமனைகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, மார்பக எக்ஸ்-ரே படமான மேமோகிராமுக்கு இது ஈடாகாது என்று காட்டியதோடு அந்த ஆர்வம் அடங்கியது. அந்தத் தோல்வி நியாயமானதே என்று நினைக்கிறேன்: சிதறிய ஒளியை வெறும் நிழற்படமாகப் பார்த்தால் அதில் கிடைப்பது அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் இதை நேராகவே பார்க்கலாம். வாயால் உண்ண முடியாத நோயாளிகளுக்குச் சிரை வழியாகச் செலுத்தும் இன்ட்ராலிப்பிட் என்ற சோயா எண்ணெய்க் குழம்பை நீரில் கலந்து, அதில் துளியளவு இண்டியன் இங்க் சேர்த்தால், ஒளியைப் பொறுத்தவரை மார்பகத் திசுவைப் போலவே நடந்துகொள்ளும் பால் போன்ற திரவம் கிடைக்கும். அதில் ஒரு கறுப்பு மணியை நூலில் கட்டி இறக்கினால், கண்ணாடிச் சுவரை ஒட்டி இருக்கும்வரை விளிம்பு கூர்மையாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் மங்கிய திட்டு மட்டுமே மிஞ்சும். இன்னும் உள்ளே போனால் மணியின் வடிவமே கரைந்துபோய், அந்தப் பக்கம் வெளிச்சம் சற்றே குறைந்திருப்பது மட்டும் தெரியும். மார்பகத் திசுவில் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் தன் திசையை மறந்துவிடுகிறது. அதே சமயம் ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் அது உறிஞ்சப்படாமல் பல சென்டிமீட்டர் தூரம் அலைந்து திரிய முடியும். அதற்குக் கீழே இரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபினும் மேலே தண்ணீரும் வழி மறிக்கின்றன.

திருப்பம் வந்தது, எவ்வளவு ஒளி வந்தது என்பதோடு எப்போது வந்தது என்பதையும் அளக்கத் தொடங்கியபோது. ஐந்து சென்டிமீட்டர் தடிமனை ஒளி நேராகக் கடக்கக் கால் நானோநொடிகூட ஆகாது. சிதறி வரும் ஃபோட்டான்களில் பெரும்பாலானவை ஒரு நானோநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தாமதத்தின் பரவலைக் கணக்கிட்டால், ஒளி சிதறியதால் குறைந்ததா, உறிஞ்சப்பட்டதால் குறைந்ததா என்று பிரித்தறியலாம். மிலான் பாலிடெக்னிக் குழுவினர் இதற்குப் பிக்கோநொடி அளவிலான லேசர் துடிப்புகளைப் பயன்படுத்தினர். அமெரிக்காவில் டார்ட்மவுத், அர்வைன் பல்கலைக்கழகக் குழுவினர் ஒளியின் செறிவை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஏற்றி இறக்கி, அது வெளிவரும்போது எவ்வளவு பின்தங்கியது என்று பார்த்தனர்.

உறிஞ்சப்பட்ட அளவு பல அலைநீளங்களில் தெரிந்துவிட்டால் மீதி வேதியியல். ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஏந்தாததும் 800 நானோமீட்டரை ஒட்டி ஒரே அளவு உறிஞ்சுகின்றன, அதற்கு இருபுறமும் பிரிந்து நிற்கின்றன. கொழுப்புக்கு 930-ஐ ஒட்டியும் தண்ணீருக்கு 970-ஐ ஒட்டியும் முகடுகள் உண்டு. கொரோனா காலத்தில் வீடுவீடாக வாங்கி வைத்த ஆக்ஸிமீட்டர் 660, 940 என்ற இரண்டு அலைநீளங்களில் செய்வதும் இதே கணக்கின் எளிய வடிவம்தான். புற்றுக்கட்டி தனக்கென இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதால் அங்கே மொத்த ஹீமோகுளோபின் சுற்றியுள்ள திசுவைவிடக் கூடுதலாக, பல ஆய்வுகளில் ஏறத்தாழ இரு மடங்காக, இருக்கிறது. தண்ணீர் கூடுகிறது, கொழுப்பு குறைகிறது. ஆக்ஸிஜன் செறிவு மட்டும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. வயது, மாதவிடாய்ச் சுழற்சி, திசுவின் அடர்த்தி ஆகியவற்றால் அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அதே பெண்ணின் மறு மார்பகத்தோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி.

தேடும் கருவியாக இது ஏன் தடுமாறுகிறது என்பதும் இங்கே புரியும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் கரைந்துபோகின்றன. ஆரம்பநிலைப் புற்றை மேமோகிராமில் காட்டிக்கொடுக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இந்த ஒளிக்குத் தெரிவதே இல்லை.

ஆனால் அறுவைக்கு முன்பே கீமோதெரபி தொடங்கும் பெண்ணின் நிலை வேறு. அவருடைய கட்டி எங்கே என்பது தெரியும். மாதக்கணக்கில் ஏற்றப்போகும் மருந்து அதில் வேலை செய்கிறதா என்பதே கேள்வி. கட்டியின் அளவு சுருங்குவது பின்னால்தான் தெரியும், அதன் இரத்த ஓட்டமோ சீக்கிரமே மாறிவிடுகிறது. 2011-ல் அர்வைன் குழு வெளியிட்ட ஆய்வில், முதல் டோஸ் ஏறிய மறுநாளே, பின்னர் மருந்துக்கு இணங்கிய கட்டிகளில் ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் சட்டென உயர்ந்தது, இணங்காதவற்றில் குறைந்தது. கையில் பிடிக்கும் ஒரு கருவியைத் தோல்மீது கட்டம் கட்டமாக நகர்த்தி எடுத்த அளவுகள் அவை; ஊசி இல்லை, எக்ஸ்-ரே இல்லை, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப எடுக்கலாம். எம்.ஆர்.ஐ.யை அப்படித் தினமும் எடுக்க எந்த மருத்துவமனையும் முன்வராது. இருந்தும் 23 பெண்களின் 24 கட்டிகளை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு அது. 2016-ல் வெளியான பல மைய ஆய்வில் 34 பேரின் தரவுகள்தான் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. சிகிச்சையின் நடுவில் ஏற்படும் மாற்றத்தை மட்டும் வைத்துக் கணித்தபோது பலன் சுமாராகவே இருந்தது, தொடக்கத்திலிருந்த ஆக்ஸிஜன் செறிவையும் சேர்த்துப் பார்த்தபோது தேறியது.

இன்னொரு பாதை ஒளியை ஒலியோடு சேர்ப்பது. லேசர் துடிப்பை உறிஞ்சும் இரத்தம் நொடிப்பொழுதில் விரிவடைந்து எழுப்பும் மெல்லிய ஒலியை அல்ட்ராசவுண்ட் கருவியால் கேட்பார்கள். ஒலி திசுவில் ஒளியளவு சிதறாது என்பதால் படம் கூர்மையாக வரும். 757, 1064 நானோமீட்டர் லேசர்களைக் கொண்ட, டெக்சாஸின் சீனோ மெடிக்கல் நிறுவனத்தின் இமேஜியோ கருவிக்கு 2021 ஜனவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் எல்லாருக்குமான முகாம் சோதனைக்கானது அல்ல. சந்தேகத்துக்குரிய கட்டி ஏற்கெனவே தென்பட்டவர்களுக்கு, அது எத்தகையது என்று மருத்துவர் முடிவெடுக்கத் துணைபுரிவது.

நம் ஊர் முகாம்களில் 'அகச்சிவப்புப் பரிசோதனை' என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் இது எதுவுமே இல்லை. தோல் தானாக வெளியிடும் வெப்பத்தைப் படமெடுக்கும் தெர்மோகிராஃபி அது; அதில் ஒளி எதுவும் உள்ளே அனுப்பப்படுவதில்லை. அதை மேமோகிராமுக்கு மாற்றாகக் கருத வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. அந்த முகாமில் 'நார்மல்' என்று வந்தாலும், தடவிப் பார்க்கும்போது மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டால் மருத்துவமனைக்குப் போய் அல்ட்ராசவுண்டும் மேமோகிராமும் எடுத்தே ஆக வேண்டும்.

நம் தோலின் நிறம் தொடர்பான கேள்வியும் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இந்த ஒளியையும் ஓரளவு உறிஞ்சும். கறுத்த தோலுடையவர்களின் ஆக்ஸிஜன் குறைவை ஆக்ஸிமீட்டர்கள் அடிக்கடி தவறவிடுகின்றன என்று 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஒப்பீடு காட்டியது. மறு மார்பகத்தோடு ஒப்பிடும் முறை இந்தப் பிழையில் ஒரு பகுதியைத் தானே நீக்கிவிடும் என்றாலும், இத்தகைய கருவி இங்கே வருவதற்கு முன் மாநிறம் முதல் கருநிறம் வரையுள்ள பெண்களிடம் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். புதிய ஆய்வுக் கட்டுரை எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது, பங்கேற்ற பெண்களின் தோல் நிறம் அதில் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான்.