கடையும் குடும்ப ஜெபமும்: ஒரு லெந்துகால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். லெந்து என்னும் தவக்காலம் தொடங்குகிறது; இன்று முதல் ஈஸ்டர் வரை வீட்டில் கறி, மீன் கிடையாது. எங்கள் நாசரேத் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டண்ட் சபை) குடும்பங்களில் இது பழைய வழக்கம். லெந்தில் கல்யாணமும் வைக்க மாட்டோம்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் பெரியவன் கேட்டான்: "நாம கறி சாப்பிடாம இருந்தா ஆண்டவருக்கு என்னப்பா லாபம்?" பத்தாம் வகுப்பில் இருக்கிறான், கேட்கிற வயதுதான். ஏசாயா 58-ஐ எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். உபவாசம் இருந்துகொண்டே தன்னிடம் வேலை செய்கிறவனைக் கசக்கிப் பிழிகிறவனைப் பற்றிய அதிகாரம் அது. பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். அதனால் கறி வாங்காத காசு உண்டியலுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று.

என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது ஊழியத்துக்கான அரிசி. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறையாது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம் ஜனங்களின் காணிக்கை போதும் என்று துணிந்ததைப் பையன்களிடம் சொன்னேன். அவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். "நம்ம வெள்ளாளன்விளையா?" என்றான் சின்னவன். அதே ஊர்தான்.

மார்ச் 8, சனி

சின்னவன் கடைக்கு வந்து சீனி பொட்டலம் போட்டான். அரைக்கிலோ, அரைக்கிலோவாக வேகமாகப் போடுகிறான், கை சுத்தம். ஆனால் காகிதப் பையைத் தராசில் வைத்து, அதிலேயே சீனியைக் கொட்டி, 500 காட்டியதும் எடுத்துவிடுகிறான். வெறும் பையை மட்டும் தராசில் வைக்கச் சொன்னேன். 8 கிராம்.

"எட்டு கிராம்தானப்பா!" என்றான்.

போட்ட பொட்டலத்தையெல்லாம் பிரிக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பையை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, அப்புறம் சீனியைக் கொட்டும் முறையைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் இன்னும் ஒரு கரண்டி சேர்ந்தது. நூறு பொட்டலத்துக்கு 800 கிராம் வரும் என்று அவனே கணக்குப் பார்த்துச் சொன்னான். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அது யார் வீட்டுச் சீனி என்று கேட்டேன். பதில் இல்லை. மிச்சப் பொட்டலங்களை அவனாகவே சரியாகப் போட்டு முடித்தான்.

கடை நடத்துகிறவன் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கத் தராசைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை அரசு முத்திரை வைக்க வேண்டும், நாங்களும் தவறாமல் வைக்கிறோம். ஆனால் முத்திரை வைத்த தராசிலும் பையைச் சேர்த்து நிறுக்க முடியும். ராத்திரி நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் வாசித்தோம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." பிறகு ஆமோஸ் 8. ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது கடையைத் திறந்து மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகள் அதில் வருகிறார்கள். உடம்பு ஆராதனையில் இருக்கிறது, மனசு கல்லாவில். என்னைப் போன்ற ஆட்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும் அந்த அதிகாரம்.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரத்தில் பெரியவன் கடையைப் பார்த்துக்கொண்டான். நூறு நாள் வேலைக்குப் போகும் ஆச்சி ஒருவர் எண்ணெய் வாங்க வந்திருக்கிறார். கடன் நோட்டில் அவர் பேரில் பாக்கி இருக்கிறது. "பழைய பாக்கியைக் குடுத்துட்டுப் புதுசு வாங்குங்க" என்று நாலு பேர் நிற்கும்போதே சொல்லிவிட்டான். ஆச்சி எண்ணெய் வாங்காமலே போய்விட்டார்.

நான் சத்தம் போடவில்லை. அவன் செய்தது கடைக்காக என்று எனக்குத் தெரியும். எண்ணெயைக் கையில் கொடுத்து, நீயே போய்க் கொடுத்துவிட்டு வா என்றேன். அவருக்கு வேலைச் சம்பளம் மாதக்கணக்காக வரவில்லை என்பதையும் சொன்னேன். போனான். திரும்பி வந்தவன் வெகுநேரம் பேசவில்லை.

ராத்திரி மத்தேயு 18. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு மன்னிப்புப் பெற்றவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பெரியவன் நோட்டை எடுத்துப் பெருக்கினான். ஆறு கோடி நாள்! வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருஷம். சின்னவன் வாயைப் பிளந்தான்.

ஆனால் அந்த இன்னொரு கடனையும் கவனிக்கச் சொன்னேன். நூறு நாள் கூலி சின்னத் தொகை இல்லை. அந்த ஆச்சிக்கு அது வருஷம் முழுவதும் நம்பியிருக்கிற காசு. நமக்கு வரவேண்டியதை விடும்போது நிஜமாகவே வலிக்கும், இயேசு அதைத் தெரிந்துதான் சொன்னார்.

"அப்ப எல்லாக் கடனையும் அடிச்சிரலாமாப்பா?" என்றான் பெரியவன். அப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். கொடுக்க முடிந்தும் கொடுக்காதவரிடம் கேட்பேன், முடியாதவருக்குக் காத்திருப்பேன், யாரையும் நாலு பேர் முன்னால் கேட்க மாட்டேன். என் அப்பா கடையை இப்படித்தான் நடத்தினார். இதை நோட்டில் எழுதிவைக்க முடியாது, ஆளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

பெரியவனுக்கு அரசுத் தேர்வு தொடங்கியது. தமிழ். காலையில் தலையில் கைவைத்து ஜெபித்தேன். மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படித்தது நினைவில் நிற்கட்டும், பக்கத்துப் பேப்பர் பக்கம் கண் போகாதிருக்கட்டும், அவ்வளவுதான். அவன் அம்மா மார்க்குக்கும் சேர்த்து ஜெபித்தாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பரீட்சை செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

சாயங்காலம் இராப்போஜன ஆராதனை, இயேசு சீஷர்களின் காலைக் கழுவிய ராத்திரியின் நினைவு. திரும்பி நடந்து வரும்போது சின்னவன், "யூதாஸ் காலையும் கழுவினாராப்பா?" என்றான். யோவான் 13-ஐப் பார்த்தால் ஆம், அவன் எழுந்து வெளியே போனது அதற்கு அப்புறம்தான். "காட்டிக்கொடுப்பான்னு தெரிஞ்சேவா?" தெரிந்தேதான். வீடு வரும்வரை அதைத்தான் பேசினோம். வகுப்பில் இவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் பையன் ஒருவன் உண்டு. அவன் பேச்சை இவனே எடுத்தான், நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். நல்ல வெயில்.

நாலாம் வார்த்தைதான் பெரியவனைப் பிடித்துக்கொண்டது: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." ராத்திரி மொட்டைமாடிக்கு வந்து உட்கார்ந்தான். "தாத்தாவுக்காக எவ்வளவு ஜெபம் பண்ணினோம். ஏம்ப்பா கேக்கல?"

போன வருஷம் என் அப்பா போனதிலிருந்து அவன் இதை மனசில் வைத்திருந்திருக்கிறான். தேவசித்தம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், பெரியவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். என்னால் முடியவில்லை. எனக்கும் பதில் தெரியாது என்றேன். அந்தக் கேள்வியை இயேசுவே சிலுவையில் கேட்டார் என்றேன். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. செல்போன் வெளிச்சத்தில் அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசித்தோம். புலம்பித் தொடங்கி, பிறக்கப்போகிற சந்ததிக்குக் கர்த்தருடைய நீதியை அறிவிப்பதில் போய் முடிகிறது. நடுவில் இருக்கும் அழுகையை யாரும் வெட்டி எடுக்கவில்லை. வேதத்திலேயே இடம் இருக்கிறது, நீயும் கேள், ஆனால் அவரிடமே கேள் என்றேன். கொஞ்ச நேரம் தாத்தாவைப் பற்றிப் பேசினோம். இருவரும் அழுதோம்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று அதிகாலை ஈஸ்டர் ஆராதனை, மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. இன்று போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். வயது 88.

நாம் சிஎஸ்ஐ ஆயிற்றே, அவருக்காக நாம் ஜெபிக்கலாமா என்று சின்னவன் கேட்டான். தாராளமாக. 2013-ல் போப் ஆன சில வாரங்களிலேயே ரோமில் சிறுவர் சிறைக்குப் போய், அங்கிருந்த பிள்ளைகளின் காலைக் கழுவியவர் அவர். அதில் முஸ்லிம் பெண்பிள்ளையும் உண்டு. இந்தப் பெரிய வியாழனன்றும், உடம்பு முடியாத நிலையில், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார். காலைக் கழுவத்தான் பெலன் இல்லை. கடைக்கு எதிர்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரச் சொன்னேன். இரண்டு பேரும் போய் வந்தார்கள்.

ஏப்ரல் 26, சனி

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சாத்தான்குளம், திசையன்விளை வழியாக இடையன்குடிக்குப் போனோம். மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் 1841-ல் வந்த ஊர். அவர் கட்டிய திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் வேலை தொடங்கி, 1880-ல்தான் பிரதிஷ்டை நடந்தது. 33 வருஷம். அவரை அடக்கம் செய்ததும் அந்த ஆலயத்தில்தான். தொடக்கத்தில் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் பிரதிஷ்டையைப் பார்த்திருப்பார்கள் என்று பெரியவன் கேட்டான். மூன்று பேரும் அந்தச் சுவரை ஒருமுறை சுற்றி வந்தோம்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பெரியவன் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறான். அவனுக்கு வந்திருப்பது சகேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின பணக்கார வரிவசூல்காரன். பஸ்ஸில் அதே யோசனையாக இருந்தான். "சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாத்தினதுக்கு நாலு மடங்கு. அப்ப மொத்தச் சொத்தில எட்டில் ஒரு பங்கு ஏமாத்தினதுன்னாலே அவன் கையில ஒண்ணும் மிஞ்சாதேப்பா." எனக்கு இந்தக் கணக்கு இதுவரை தோன்றியதே இல்லை. பிறகு எப்படிப் பிழைத்திருப்பான் என்றான் சின்னவன். மரத்திலிருந்து இறங்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டிருப்பானா, இல்லை இயேசு வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டானா என்று இரண்டு பேரும் சாத்தான்குளம் வரும்வரை வாதம் பண்ணினார்கள். நாளை ராத்திரி குடும்ப ஜெபத்தில் பெரியவன்தான் செய்தி கொடுக்கிறான்.