லண்டனில் அக்செஸ் கோர்ஸ் நேர்முகம்: நான் பட்ட அலைச்சல்

பன்னிரண்டு வருடமாக லண்டனில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். சமூகப்பணியாளராக வர ஒரு பட்டம் வேண்டும். ஏ லெவல் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டப்படிப்புக்குள் நுழைய இருக்கிற ஒரு வழி, கொலிஜில் ஒரு வருட அக்செஸ் கோர்ஸ். இணையத்தில் விண்ணப்பம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அலைச்சல் அதற்குப் பிறகுதான்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்ட மின்னஞ்சலில், படித்த சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இலங்கையில் நான் எழுதிய ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) சான்றிதழ் 2009 போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டது. கிளிநொச்சியில் இருக்கிற தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தரம் நடந்து, பழைய பதிவேட்டில் என் 2001ஆம் ஆண்டுச் சுட்டெண்ணைத் தேடி எடுத்தாள். சுட்டெண் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சான்றிதழை ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்குங்கள். நேர்முகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தேன்.

நேர்முக நாளன்று கொலிஜ் வரவேற்பு மேசையில் இருந்த பெண் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உங்கள் பெயர் இல்லையே" என்றார். சான்றிதழில் இருப்பது அப்பாவின் பெயர், கடவுச்சீட்டில் இருப்பது கணவரின் பெயர். எங்களில் அது அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. விவாகப் பதிவின் படம் கைபேசியில் இருந்தது, ஆனால் தமிழில். அது செல்லாதாம், வேறொரு நாள் வரட்டுமாம். உள்ளே ஆசிரியர் காத்திருக்கிறார் என்று சொல்லியும் கேட்கவில்லை. மணித்தியாலக் கணக்கில்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு விட்ட இரண்டு ஷிஃப்டின் காசு போனது போனதுதான். மின்னஞ்சலில் பெயரைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் இந்த நாள் வீணாகியிருக்காது. இப்போது நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

ஆகவே, கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்கள் விவாகப் பதிவையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முதலிலேயே செய்து வையுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு யூ.கே. எனிக் (UK ENIC) ஒப்பீட்டுக் கடிதம், அதாவது அது இங்கே எந்தத் தரத்துக்குச் சமம் என்று சொல்கிற கடிதம், தேவையா என்றும் கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொல்வதை மேசையில் இருக்கிற மற்றவர் ஏற்கமாட்டார். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று கிழமை கழித்து இரண்டாம் முறை. ஆங்கிலமும் கணிதமும் ஒரு சின்னச் சோதனை. அப்புறம் இரண்டு ஆசிரியர்கள்.

இடையில் கிடைத்த அந்த மூன்று கிழமையும் நான் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பில் இருப்பவர்களைத் தீங்கிலிருந்து பாதுகாப்பதற்கான ஆறு கோட்பாடுகள் எல்லாம் பஸ்சில் சொல்லிப் பார்த்தவை. கேட்டார்கள், ஆறையும் ஒப்புவித்தேன். உடனே ஆசிரியர், "அளவோடு தலையிடுவது என்கிறீர்களே, உங்கள் வேலையில் அது எப்போது வந்தது?" என்று கேட்டார். ஒரு வார்த்தை வரவில்லை. அவர் புரிந்துகொண்டு, "சரி, சட்டத்தை விடுங்கள். சமீபத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்திலேயே நான் பராமரிப்பவரின் பெயரைச் சொல்லிவிட்டேன், தெருவையும் சேர்த்து. மற்ற ஆசிரியர் கையை உயர்த்தினார். முகமெல்லாம் சூடேறியது. இவ்வளவு காலம் காத்த ரகசியம் பதற்றத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, "ஒரு முதியவர்" என்று திரும்பத் தொடங்கினேன். உடனே திருத்திக்கொண்டதைக் குறித்துக்கொண்டதாகப் பின்னர் சொன்னார்கள். வீட்டில் பயிற்சி எடுக்கும்போதே பெயரில்லாமல் சொல்லிப் பழகுங்கள்.

அந்த முதியவருக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி கேட்பார். மகள் கண்டிப்பாகக் கொடுக்கவேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார். மனிதர் தெளிவாக இருக்கிறார், சீனி என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நான் மறைத்துச் சீனியில்லாமல் கொடுக்கவில்லை. அவரிடமே பேசினேன், ஒரு கரண்டிக்கு அவராகச் சம்மதித்தார். அதைக் குறிப்பேட்டில் எழுதி, மேலாளருக்கும் அறிவித்தேன். மகள் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், "நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்" என்றார். ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காகவே அவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை என்று கொள்ளக்கூடாது, 2005ஆம் ஆண்டு மன ஆற்றல் சட்டம் (Mental Capacity Act) அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கினார். பெயர் தெரியாமல் நான் தினமும் செய்துவந்தது அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டத்தைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வேலையிலிருந்து நான்கு சம்பவங்களை எடுத்து, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று முதலில் எழுதுங்கள்.

"மகன் அடிக்கிறான், யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. பயிற்சியில் படித்ததுதான், தடுமாறாமல் சொன்னேன். இரண்டு பிள்ளைகளோடு எப்படிப் படிப்பீர்கள் என்றதற்கு, ஷிஃப்ட், பள்ளிக்கூடம், படிப்பு எல்லாம் போட்ட வார அட்டவணையை மேசையில் வைத்தேன். அதை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

காசுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: அக்செஸ் கோர்ஸுக்கு எடுக்கும் அரசாங்கக் கற்போர் கடனின் (Advanced Learner Loan) மீதியை, அதன்பிறகு பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். மேசையில் இருந்தவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

எட்டு நாளில் கடிதம் வந்தது. இடம் உண்டு, ஆனால் செப்டெம்பருக்குள் கணிதத்தில் லெவல் 2 (இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. தேர்ச்சிக்குச் சமமான தரம்) முடிக்கவேண்டும். அந்த வகுப்புக்குக் கட்டணம் இல்லை, செவ்வாய் மாலைகளில் நடக்கிறது. திங்கட்கிழமை பதியப் போகிறேன், விவாகப் பதிவும் மொழிபெயர்ப்பும் பையில் இருக்கின்றன.